வலியே இல்லாத பக்கம்

பல் விழுந்து ட்ரம்பெட் வாசிக்க முடியாமல் போன மெக்சிகோவின் குவாதலஹாராக்காரர் எவாரிஸ்தோவுக்குக் கீழ்த்தாடையின் இரு பக்கமும், எலும்பில் திருகும் இம்பிளான்ட் பல் பதித்தார்கள். இடப்பக்கம், ஈறைக் கிழித்துத் தைத்தவர் டாக்டர் உர்ரூத்தியா. வலப்பக்கம், கிழிக்காமல் துளை மட்டும் போட்டவர் டாக்டர் பெனாவிதெஸ்.

எது சிறந்த முறை? மூன்று மாதம் கழித்து, பல் டாக்டர்கள் மாநாட்டு மேடையில் எவாரிஸ்தோவையே கேட்டார்கள்.

"இடது பக்கம் வலிச்சுதா, மாஸ்டர்?"

"ரெண்டு வாரம் உசுரு போச்சு, டாக்டர்."

"வலது?"

"துளிகூட வலிக்கல."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பெனாவிதெஸ் உர்ரூத்தியாவின் பக்கம் சாய்ந்து, "உங்களுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கித் தரட்டுமா, டாக்டர்?" என்றார்.

எவாரிஸ்தோ மைக்கை விடவில்லை.

"வலது பக்கம் உதட்டக் கடிச்சாக்கூடத் தெரியல. ட்ரம்பெட்ட வச்சா காத்து ஒழுகுது. அன்னிக்குப் போட்டீங்களே, மரத்துப்போற ஊசி, அது எப்ப டாக்டர் தெளியும்?"