தலைகீழ்ச் சுழி

மனைவியின் கையெழுத்தைத் தானே போட்டுக் கணவன் கடன் வாங்கிய வழக்குகள் காவல் ஆய்வாளருக்குப் புதிதல்ல. கூட வருகிற பெரியவர்கள்தான் வழக்கமாக, “பேசித் தீர்த்துக்கலாம்” என்று குட்டையைக் குழப்புவார்கள். இந்த அம்மாள் வேறு ரகம்.

“அவ பேசினா அழுதுடுவா. நான் சொல்றேன், எழுதிக்கோங்க” என்று பக்கத்தில் இருந்த இளம்பெண்ணின் தோளில் கை வைத்தாள். “தையல் மெஷின் மிதிச்சுக் குடும்பத்தைத் தாங்கற பொண்ணு. இவ பேர்ல பேங்க்ல கடன் வாங்கித் தின்னுட்டான். கட்ட வேண்டியவன் அவன். இனி ஒருத்தரும் இவகிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“புகார் கொடுத்தா அவர் ஜெயிலுக்குப் போகணும்மா.”

“போகட்டும்.”

“ஊர் நாலு விதமா பேசும்.”

“ஊரா கடனைக் கட்டப்போகுது?”

பெண்ணுக்காக மாப்பிள்ளையையே உள்ளே தள்ள வந்திருக்கிறாளே என்று ஆய்வாளர் மனதுக்குள் சபாஷ் போட்டார். ஆனாலும் கேட்டார்: “போட்டது அவர்தான்னு எப்படி உறுதியா சொல்றீங்க?”

அம்மாள் கடன் பத்திர நகலில் கையெழுத்தின் கடைசி எழுத்தைத் தொட்டாள். “இந்தச் சுழியைப் பாருங்க. தலைகீழாப் போட்டிருக்கான். சிலேட்டுல கையைப் பிடிச்சு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தேன், திருந்தலை.”

ஆய்வாளர் நிமிர்ந்தார். “மாப்பிள்ளைக்கு நீங்க எதுக்கும்மா சிலேட்டுல சொல்லிக்கொடுத்தீங்க?”

“மாப்பிள்ளையா? அவன் நான் பெத்த பிள்ளை சார்.”

ஆய்வாளர் தன்னையறியாமல் எழுந்து, பேனாவை அவளிடம் நீட்டினார்.

“என்கிட்ட வேண்டாம், என் மருமககிட்ட கொடுங்க. இந்தத் தடவை அவ கையெழுத்தை அவளே போடட்டும்.”