கிளைவின் இ-சிகரெட்

ஹல் நகரில் இ-சிகரெட் கடை வைத்திருந்த லொரெய்னிடம், இறந்துபோன அவள் அண்ணன் கிளைவின் கருவியை அண்ணி பெவ் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எரியவே மாட்டேங்குது, உன்கிட்ட காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார்.”

“காட்டினான் அண்ணி. கடையில ஒரே கூட்டம். ‘நாளைக்கு வா, புகைவண்டி’ன்னு விரட்டிட்டேன்.”

அன்று மாலைதான் கிளைவ், விட்டொழித்திருந்த சிகரெட்டை வாங்க மழையில் சாலையைக் கடந்தான். லாரி அடித்துவிட்டது.

லொரெய்ன் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதைத் தொட வேண்டிய பித்தளை முனை உள்ளே அமுங்கி, பிசுக்கேறிக் கிடந்தது. ஊசியால் மெல்ல நெம்பித் தூக்கி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் பெவ்.

“அவ்வளவுதான் அண்ணி. டீ ஆறுறதுக்குள்ள முடியற வேலை.”

அப்போது கருவியின் விளக்கு எரிந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை. பேட்டரி மேசைமேல்தான் இருந்தது. ஒருவர் மூச்சை ஆழமாக இழுக்கும் நேரம் எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது.

பெவ் பதறி அதை எடுக்கப் போனாள். லொரெய்ன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க அண்ணி. இழுத்து முடிக்கட்டும்.”