முழுசா வந்திருக்காது

டாக்டர்கள் இனி வலிப்பட்டை கட்டி, நோயாளியின் வலியைத் தாங்களும் அனுபவித்த பிறகுதான் மருந்து எழுத வேண்டும் என்று சட்டம் வந்த வாரமே தமயந்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனே சொன்னாலும், "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா" என்றுதான் இதுவரை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கிறவள். வலி மாத்திரை போடாமல் வாசல் தாண்ட மாட்டாள். பழக்கதோஷத்தில் இன்றும் போட்டுத் தொலைத்திருந்தாள். போச்சு, டாக்டருக்குச் சுருக்கென்றுகூட இருக்காது. மறுபடியும் "எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா" என்பார்.

டாக்டர் ரேணுகா சிரித்துக்கொண்டே ஒரு பட்டையை அவள் கையிலும் இன்னொன்றைத் தன் கையிலும் கட்டினார். சிரிப்பு பாதியில் நின்றது. மேஜை விளிம்பைப் பிடித்தார். நெற்றி வேர்த்தது. அடிவயிற்றைப் பிடித்தபடி நாற்காலியிலேயே சுருண்டு, "சிஸ்டர், கழட்டுங்க... சீக்கிரம்" என்றார்.

தமயந்தி பதறிப்போனாள். "மன்னிச்சிருங்க டாக்டர், மாத்திரை போட்டுட்டு வந்துட்டேன். உங்களுக்கு முழுசா வந்திருக்காது."

டாக்டர் அவளையே பார்த்தார்.

"இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்கம்மா. இதோட எப்படி நின்னீங்க?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த பேச்சு எதுவுமே தேவைப்படவில்லை. தமயந்தி முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.