தாளம் போடுறவ

"உன் வீட்டுக்காரரு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்காரு?"

சிதம்பரத்தில் அந்தச் சின்ன மண்டபத்துக்குள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். சுப்புராயனின் படத்திறப்பு. அவருடைய மூத்த மகள் மாலதி, தங்கை இசைவாணியை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டாள்.

"என்னக்கா?"

"அப்பா போனதுலேர்ந்து பாக்குறேன். எங்கிட்ட ஒரு ஆறுதல் வார்த்தை உண்டா? எதைக் கேட்டாலும் நீதான் முந்திக்கிட்டு பதில் சொல்ற. கடலூர்ல கவர்மென்ட் உத்தியோகம்னா அவ்ளோ ராங்கியா?"

"ராங்கியெல்லாம் இல்லக்கா. அவரு சுபாவம் அப்படி."

"சுபாவம் இல்லடி. நீ பேச வுடமாட்ட. நீ போடுற தாளத்துக்கு ஆடுறவரு அவரு. சொந்தக்காரங்க பூரா அதான் பேசிக்கிறாங்க."

இசைவாணிக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நம்ம வீட்டுல ஆம்பளப் புள்ள இல்ல. எங்க வீட்டுக்காரரு துபாய்லேர்ந்து வர முடியல. நன்றியுரை உன் வீட்டுக்காரருதான் சொல்லியாவணும்."

"அக்கா, வேணாங்க்கா. நான் சொல்றேன்."

"பாத்தியா? இதுக்கும் நீதான்!"

பின்னால் வந்து நின்ற இசைவாணியின் கணவன் ராஜவேல் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மனைவியைப் பார்த்து, 'நானே பேசுறேன்' என்பதுபோல் தலையசைத்தான்.

படத்தைத் திறந்தார்கள். சுப்புராயனோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். கடைசியில் ராஜவேல் மைக் முன்னால் போனான். இசைவாணியும் கூடவே போய் ஒட்டி நின்றாள்.

'இங்கயுமா?' மாலதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா பஸ் டிரைவர். ஓடி வர்ற ஆளை வுட்டுட்டு அவரு ஒருநாளும் வண்டிய எடுத்ததில்ல..."

நிதானமான குரல். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

படத்துக்குப் பக்கத்தில் நின்ற மாலதி அப்போதுதான் கவனித்தாள். இசைவாணியின் கை புருஷன் முதுகில் இருந்தது. விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. தட்... தட்... தட்...

விறுவிறுவென்று போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அப்பா படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு என்னடி தாளம்?"

ராஜவேல் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான்: "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, எனக்காகவும் அவரு கா... கா... கா..."

ராஜவேலின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு துடித்தது. சொல் வரவில்லை. எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. துக்கத்தில் பேச்சை முடித்துக்கொண்டான் என்று நினைத்து ஆட்கள் எழுந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"தட்டிக்கிட்டே இருந்தாத்தான்க்கா அவருக்குத் திக்காது," இசைவாணி கையை விடுவிக்கப் பார்த்தாள். "வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நெனைக்கிறாரு. அதான் யார்கிட்டயும் சொல்லல."

மாலதி தன் பிடியில் இருந்த தங்கையின் கையைப் பார்த்தாள். மெதுவாக எடுத்து அதை ராஜவேலின் முதுகில் வைத்தாள்.

பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"யாரும் எந்திரிக்காதீங்க. எங்க வீட்டு மாப்பிள்ளை இன்னும் பேசி முடிக்கல."