விரலை அசைக்காத ஞானதுரை

"ரட்சிப்புங்கிறது முழுக்க கிருபை மச்சான். மனுசன் விரலைக்கூட அசைக்க வேண்டாம்," என்றான் ஞானதுரை.

புதுச் சபைக்குப் போனதிலிருந்து மச்சினனுக்கு இதே பேச்சுதான். மாதா கோயில் உபதேசியார் மகனான ஆண்டனி ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீட்டுனதைப் பிடிக்கவாச்சும் வேணாமாடா? கீழ்ப்படிதல்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பிடிச்சா அது என் கிரியை, நான் செஞ்ச வேலை ஆயிரும். அப்புறம் கிருபைக்கு என்ன மரியாதை?"

"கடைசியாக் கேக்குறேன். பிடிப்பியா, மாட்டியா?"

"மாட்டேன்."

ஆண்டனி ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக் கிணற்றுக்குள் குதித்தார். மோட்டார் பார்க்கப் போய் வழுக்கி விழுந்து, கழுத்தளவு தண்ணீரில் நின்று வாதாடிக்கொண்டிருந்த மச்சினனின் இடுப்பில், அதுவரை நீட்டிக்கொண்டிருந்த கயிற்றை இறுகக் கட்டினார்.

ஞானதுரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீகளா? நான் அசையவே இல்ல. நீங்களா இறங்கி வந்தீக. கிருபைன்னா இதுதான்."

ஆண்டனி ராஜ் கயிற்றின் மறுமுனையைத் தேடினார். அதுவும் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது.

"அது சரி மாப்ள, மேல இருந்து இழுக்கிறது யாரு?"

புல்லுக்கட்டோடு போன கருத்தம்மாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஞானதுரை இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

"அக்கா, ஒரு கயிறு போடுங்க. நான் கெட்டியாப் பிடிச்சுக்கிடுறேன்."