ஐம்பது சர்வீஸ்

"இன்னும் நூறு சர்வீஸ் போடு. அப்புறம் வூட்டுக்குப் போவலாம்," என்றார் கோச் நாராயணசாமி.

சங்கவி டென்னிஸ் ராக்கெட்டைப் பெஞ்சில் வைத்தாள். "ஐம்பது போட்டாச்சு சார். தோள்பட்டை இழுக்குது. ஐம்பதுக்கு மேல கூடாதுன்னு பிசியோ அக்கா சொல்லிட்டாங்க. இனிமே ரப்பர் பட்டை பயிற்சிதான்."

"வடக்கனந்தல்ல கரும்பு வெட்டறவங்க வூட்டுப் பொண்ணு நீ. உங்கம்மா வலிக்குதுன்னு கத்தியக் கீழ போடுதா?"

"எங்கம்மாவே நடுவுல கஞ்சி குடிக்க உக்காரும் சார்."

"நானெல்லாம் தினம் முந்நூறு போட்டவன். ஒரு டாக்டர்கிட்ட போனதில்ல. எதிர்த்துப் பேசிக்கினு இருந்தா நாளையிலேருந்து வராத."

அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினாள். "மாரியம்மன் கோயில் திருநீறு. அம்மா உங்களுக்குக் குடுத்துச்சு."

நாராயணசாமி இடது கையால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார். அவருக்கு எல்லாமே இடது கைதான். பிறவிப் பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"இடது கைக்காரங்ககூட திருநீறு சோத்தாங்கையாலதான் பூசுவாங்க சார்," என்றாள் சங்கவி. "உங்க ரூம்ல மாட்டியிருக்கிற பழைய போட்டோவுல சர்வீஸ் போடறதும் சோத்தாங்கையாலதான்."

அவருடைய வலது கை விலாவோடு ஒட்டியே கிடந்தது. அது தோளுக்கு மேலே எழுந்து இங்கே யாரும் பார்த்ததில்லை.

சங்கவி ரப்பர் பட்டையை வலைக் கம்பத்தில் கட்டினாள்.

"நாளைக்கும் வருவேன் சார். ஐம்பதுதான் போடுவேன்."