சதுர வட்டம்

மகனுக்குப் பெண் பார்க்க வந்த சவுரியம்மாள் பஜ்ஜியைத் தொடவில்லை. முக்காலியில் திறந்து கிடந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருதுங்க?"

"எம்பொண்ணோடது. மெட்ராஸ்ல கணக்குல ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கா," என்றார் திண்டிவனம் தேவசகாயம்.

"ஒரு மூலைய ஊணி நிக்கிற சதுரத்தப் போட்டு 'வட்டம்'னு எழுதியிருக்கு. நடுவுலேருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரம் இருந்தாத்தான வட்டம்? அஞ்சாங்கிளாஸ் புள்ளைக்கே தெரியுமே."

கதவருகே நின்ற மகள் சலேத்தம்மாள் தலை குனிந்தாள்.

மாப்பிள்ளை மாசிலாமணி விழுப்புரத்தில் சர்வேயர். நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டான்.

"தூரத்த எப்படி அளந்தீங்க?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அம்மாவிடம் திரும்பினான்.

"வரப்புமேல நடந்து அளந்தா இது சரிதாம்மா. நட்ட வயல்ல குறுக்க போவ முடியாது. குறுக்கும் நெடுக்குமா வரப்பு இருந்தா, நேராவோ திரும்பியோ நூறடி நடந்து சேர்ற எடத்துலல்லாம் குச்சி நடு. சதுரந்தான் வரும். நடுவுலேருந்து எல்லாக் குச்சிக்கும் ஒரே நடை."

சலேத்தம்மாள் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"பொண்ணுக்குச் சம்மதமுங்க."

"நாங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே," என்றார் சவுரியம்மாள்.

"நோட்டத் தொறந்து வச்சதே அவதாங்க. மாப்பிள்ளைக்குப் பரீட்சை. முன்ன வந்த நாலு பேரும் பாத்துட்டுச் சிரிச்சாங்க. இவருதான் எப்படி அளந்தீங்கன்னு கேட்டாரு."

"அப்ப நான் பெயிலுங்களா?" என்றார் சவுரியம்மாள்.

சலேத்தம்மாள் பஜ்ஜித் தட்டை நீட்டினாள்.

"அத்தைக்குப் பரீட்சை கெடையாதுங்க."